மாசம் ஒரு மிக்ஸ்டேப்: நான் கட்டும் முறை

வீட்டுப் பீரோவில் அப்பாவின் காகிதம் ஒன்று இருக்கிறது. நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். அதில் பதினான்கு பாட்டுகளின் முதல் வரிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. புரசைவாக்கத்தில் அப்போது ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. இப்படி ஒரு தாளையும் ஒரு சி-60 காலி கேசட்டையும் கொடுத்துவிட்டு வந்தால், நாலு நாளில் பாட்டெல்லாம் பதிந்து கைக்கு வரும். பன்னிரண்டாவது பாட்டுக்குப் பக்கத்தில் கடைக்காரர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: ‘இது கிடைக்கலை சார். பி சைடில் 3 நிமிஷம் மீதி. என்ன போடட்டும்?’

மிக்ஸ்டேப், அதாவது பிடித்த பாட்டுகளைப் பொறுக்கி ஒரு வரிசையில் ஒட்டிய தொகுப்பு, கட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கேள்விதான். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45. அதற்கு மேல் ஒரு வரிகூட ஏறாது, பாட்டு பாதியில் இருந்தாலும் நாடா தீர்ந்துவிடும். எதை வைப்பது, எதை விடுவது, மிச்சத்தில் எதைச் செருகுவது என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும். இன்றைக்கு என் போனில் ‘பிடித்தவை’ என்ற பெயரில் அறுநூறு பாட்டு சேர்ந்திருக்கிறது. அதை நான் ஒருமுறைகூட முதலிலிருந்து கடைசிவரை கேட்டதில்லை. 2016-லிருந்து மாதம் ஒரு டேப் கட்டிவருகிறேன்; பெயர்தான் டேப், கம்ப்யூட்டரில் ஒட்டும் ஒரே ஒலிக் கோப்பு. இண்டி (சினிமாவுக்கு வெளியே இசைஞர்கள் தாங்களாகவே வெளியிடுவது), ராக், ஹிப்ஹாப் மூன்றும் கலந்தது. எனக்கும், ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கும். அந்த டேப்புகள் ஒவ்வொன்றையும் எத்தனையோ தடவை முழுசாகக் கேட்டிருக்கிறேன்.

முதலில் நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். பாட்டு எண்ணிக்கையை வைத்துக் கட்டாதீர்கள். நான் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிறவள். ஏறக்குறைய முக்கால் மணி நேரம், அதாவது சி-90 கேசட்டின் ஒரு பக்கம். அதனால் என் டேப் 45 நிமிடம். உங்களுக்கு அது தாம்பரம் பஸ்ஸாக இருக்கலாம், பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கும் அரை மணியாக இருக்கலாம், சாயங்காலச் சமையலாக இருக்கலாம். தினமும் தவறாமல் வரும் ஒரு நேரமாக இருந்தால் போதும். 45 நிமிடத்தில் பதினோரு பாட்டு, மிஞ்சினால் பன்னிரண்டு அடங்கும்.

மாதம் முழுக்கச் சேர்க்கும் வேலைக்கு போனில் ஒரு நோட் போதும். பாட்டின் பெயரை மட்டும் எழுதி வைத்தால் மாதக் கடைசியில் அது ஒன்றும் சொல்லாது. தேதி, கேட்ட இடம், எந்த நொடியில் காது நின்றது என்று மூன்றையும் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: ‘9-ஆம் தேதி, மந்தைவெளி தாண்டும்போது, 2.14-இல் டிரம்ஸ் நின்று பேஸ் மட்டும் நடக்கிறது.’ இப்படி முப்பது வரி சேரும். மறுபடி கேட்கும்போது அந்த 2.14 இன்னும் பிடித்தால் பாட்டு நிற்கும், இல்லையென்றால் அடித்துவிடுவேன். முதல் கேட்பில் மயக்கி, ஒரு வாரம் கழித்துச் சப்பென்று ஆகிவிடும் பாட்டுகள் நிறைய. அதனால் கடைசி வாரத்தில் பிடித்த பாட்டை அந்த மாதத்தில் சேர்ப்பதில்லை, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவேன்.

பாட்டு எங்கே தேடுவது என்று கேட்பார்கள். தமிழில் இருக்கிற சிக்கல், சினிமாப் பாட்டு எல்லாத் திசையிலிருந்தும் வந்து விழும். மற்றதை நாமே போய்த்தான் தேட வேண்டும். நான் பாடுகிறவரை விட்டுவிட்டு இசையை அமைத்தவரின் பெயரைப் பிடித்துப் போவேன். ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-இல் ‘தெருக்குரல்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் அறிவின் சொற்களுக்காகப் போனவள், ஆஃப்ரோவின் பீட்டுக்காக அவர் செய்த மற்றவற்றையும் தேடினேன். இசையமைப்பாளர் டென்மாவின் பெயரைப் பிடித்துப் போனால் ஒரு பக்கம் பாடகர் கபேர் வாசுகியோடு சேர்ந்த ‘குரங்கன்’ குழு வரும், மறுபக்கம் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு வரும். சென்னையிலேயே ஆங்கிலத்தில் பாடும் ‘ஸ்க்ராட்’, ‘தி எஃப்16ஸ்’ இருக்கிறார்கள். மலையாளத்தில் ராக் வேண்டுமென்றால் ‘அவியல்’. ஒரு டேப்பில் ஒருவருக்கு ஒரு பாட்டுதான். சினிமாப் பாட்டு அதிகபட்சம் ஒன்று. இந்த இரண்டு விதியையும் நான் மீறுவதே இல்லை.

இனி வரிசை. இருக்கிற நேரத்தில் பாதியை இதற்குத்தான் கொடுக்கிறேன். நல்ல பாட்டு பதினொன்றைத் தேர்ந்தெடுப்பது யாராலும் ஆகும். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்பதில்தான் டேப் இருக்கிறது. ஒரே பாட்டு இடம் மாறினால் வேறு பாட்டாகக் கேட்கும்.

முதலில் வேகத்தை எண்ணுங்கள். பாட்டை ஓடவிட்டு 15 வினாடிக்குத் தொடையில் தட்டி எண்ணி, நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று தெரியும். நான் போடும் ஹிப்ஹாப் பெரும்பாலும் 85-லிருந்து 95-க்குள் நிற்கும், ராக் 120-ஐச் சுற்றி வரும். 90-லிருந்து நேராக 120-க்குத் தாவினால் காலுக்குப் படி தவறுகிற மாதிரி இருக்கும். நடுவில் 105 பக்கம் ஒரு இண்டி பாட்டு வைத்தால் ஏறிவிடலாம். இன்னொரு வழியும் உண்டு: 75-ம் 150-ம் ஒன்றோடொன்று ஒட்டும். ஒன்றில் இரண்டு தட்டு விழும் நேரத்தில் மற்றதில் ஒன்று விழும், அவ்வளவுதான். தலை ஆடும் வேகம் மாறாது. இது தெரிந்த பிறகு மெதுவான ராப் பாட்டிலிருந்து வேகமான கிட்டார் பாட்டுக்குப் போக எனக்குப் பயமே இல்லை.

வேகத்துக்கு அடுத்து சொல் நெருக்கம். ராப்பில் ஒரு நிமிடத்துக்கு வரும் சொற்கள் சில மெல்லிய பாட்டுகளின் மொத்தச் சொற்களைவிட அதிகமாகக்கூட இருக்கும். இரண்டு தமிழ் ராப் பாட்டை அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவதன் வரிகள் காதில் ஏறாது. எழுதியவர் உயிரைக் கொடுத்து எழுதியிருப்பார், அதை வீணாக்கக் கூடாது. ராப்புக்குப் பின்னால் வாத்தியம் அதிகமாகவும் சொல் குறைவாகவும் உள்ள ஒன்றை வையுங்கள். அல்லது நமக்கு அரைகுறையாகப் புரியும் மொழியில் ஒன்று. ‘அவியல்’ எனக்கு அங்கேதான் உதவும்.

பாலம் தேவைப்படும் இடங்களும் வரும். 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் கச்சேரி செய்தது. மேடையில் பத்தொன்பது பேர். கானா, ராப், ராக் கிட்டார், சட்டி, கட்டமோளம், பறை ஆகிய மேளங்கள் எல்லாம் ஒரே பாட்டுக்குள். கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக ஏற்கெனவே கலந்திருப்பதால், டேப்பில் ராப்பும் ராக்கும் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் அவர்கள் பாட்டு ஒன்றை வைத்தால் இரண்டும் சமாதானமாகிவிடும். ஏழாவது இடம் அதற்குச் சரியான இடம் என்பது என் அனுபவம்.

ஒரு பாட்டும் அதிலிருந்து பிறந்த பாட்டும் கையில் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடத் தோன்றும். வைக்காதீர்கள். மலேசியாவின் ராப் குழு யோகி பி - நட்சத்ரா 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பத்தில் ‘மடை திறந்து’ இருக்கிறது. அதன் மூலப் பாட்டு, 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்டது. நான் ராப்பை மூன்றாவதாகவும் மூலத்தைப் பத்தாவதாகவும் வைத்தேன். மூன்றாவதில் காதில் விழுந்தது அடிமனதில் தங்கி, பத்தாவதில் பழைய பாட்டு தொடங்கும்போது தானாக எழுந்து வந்தது.

ஒட்டும் வேலைக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும். முதலில் எல்லாப் பாட்டின் சத்தத்தையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் வந்த பல ராக் ஆல்பங்கள் இன்றைய ராப்போடு வைத்தால் பக்கத்து அறையிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். அதில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ என்று இருக்கும், அதை மைனஸ் 14-இல் வைத்து ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். ஸ்பாட்டிஃபை வைத்திருக்கும் அளவும் அதுதான்.

அடுத்து இடைவெளி. சிடி எழுதிய காலத்தில் கம்ப்யூட்டர் தானாகவே பாட்டுக்குப் பாட்டு 2 வினாடி விடும், நாமும் அதையே சரி என்று பழகிவிட்டோம். போன ஜூலை டேப்பில் நாலாவது பாட்டு ஒரு தனி கிட்டாரில் முடிந்தது. கடைசி மீட்டல் அடங்கவே 6 வினாடி. ஐந்தாவது ராப். முதல் சொல்லுக்கு முன்னால் அவர் மூச்சை இழுப்பது கேட்கும். நான் அதை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிட்டேன். கேட்டால் சுவரில் மோதின மாதிரி இருந்தது. மூச்சைத் திரும்ப ஒட்டி, இடைவெளி 2 வினாடி விட்டேன். கிட்டாரும் போய், ராப்பும் வராமல் நடுவில் ஒரு செத்த இடம். அரை வினாடி விட்டால் தந்தி அடங்குவதற்குள் மூச்சு வந்து அதை மிதித்தது. 1.2 வினாடியில் சரியாக உட்கார்ந்தது. தந்தி அடங்கி, ஒரு நொடி ஒன்றுமில்லை, அப்புறம் ஒரு மனிதன் மூச்சு இழுக்கிறான். அந்த ஒரு இடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் போனது. தம்பி அந்த வாரம் போன் பண்ணி, “அக்கா, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல என்ன பண்ணே? மூணு தடவ பின்னாடி போய்க் கேட்டேன்” என்றான்.

எம்பி3-யாக 192 கேபிபிஎஸ்ஸில் எடுத்தால் 45 நிமிடத்துக்கு 65 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இந்தக் கோப்பு எங்கள் இருவருக்கும் மட்டும், பொதுவில் எங்கும் ஏற்ற மாட்டேன். கேட்கிற நண்பர்களுக்குப் பட்டியலை மட்டும் கொடுப்பேன். இண்டி பாட்டு, இசைஞர்கள் நேராகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் இருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். அந்தத் தளத்தினர் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை, பணம் செலுத்தும் கட்டணம் போக, பாடியவருக்கே தருகிறார்கள். நூறு இருநூறு ரூபாய் நமக்கு ஒரு டிபன் செலவு. சின்ன பேண்டுக்கு அது அடுத்த பாட்டின் ஸ்டுடியோ வாடகையில் ஒரு பங்கு.

டேப்பை முடித்துவிட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் அதைக் கேட்கப்போகும் இடத்திலேயே ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். இரவு அறையில் அழகாக இருந்த மெல்லிய தொடக்கங்கள் ரயிலில் காணாமல் போகும். கோட்டூர்புரம் தாண்டி அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது சக்கரச் சத்தம் மாறும்; அங்கே வருகிற பாட்டு முதல் நொடியிலேயே திடமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டது இப்படித்தான். கதவோரம் நின்றபடி கேட்டு, தவறும் இடங்களைக் குறித்துக்கொண்டு அன்று இரவே திருத்துவேன்.

கடைசியாக, பட்டியலைக் கையால் எழுதி வையுங்கள். நான் மூன்று வருடப் பட்டியல்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு செயலி ஒருநாள் மூடப்பட்டது. எந்த வரிசையும் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு நீள நோட்டு. பக்கத்துக்கு ஒரு மாதம். பாட்டு, பாடியவர், இசை, நிமிடம், நான் எங்கே கேட்டேன். அந்த மாதம் வேறு என்ன நடந்தது என்றும் ஓரத்தில் இரண்டு வரி. 2023 டிசம்பர் பக்கத்தில் ‘வெள்ளம், வேளச்சேரியில் கரண்ட் இல்லை, பாதி டேப்தான்’ என்று இருக்கிறது. அந்த மாதம் ஆறு பாட்டுதான்.

போன வருடத்திலிருந்து ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். 45 நிமிடத்தையும் நானே நிரப்புவதில்லை. 41-இல் நிறுத்தி தம்பிக்கு அனுப்பி, ‘4 நிமிஷம் மீதி. என்ன போடட்டும்?’ என்று சிவப்பு பேனாவால் எழுதிப் போட்டோ அனுப்புவேன். முதல் தடவை அவன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். இந்த மாதம் ஓசூரில் யாரோ ஒரு பையன் போனில் பதிந்த ராப் ஒன்றை அனுப்பியிருக்கிறான். 3 நிமிடம் 40 வினாடி. பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்கிறது. அதை நான் நீக்கவில்லை.