மேகாத்துக்குத் தாங்கும் ஹாம் ரேடியோக் கம்பம்: தோட்டத்தில் 40 அடிக்கு நட்டுப் பராமரிக்கும் முறை

வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகாத்து (மேற்குக் காற்று) இறங்கிவிட்டால் புரட்டாசி வரை ஓயாது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்றுதான் ஹாம் ரேடியோக்காரர் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்) நடும் ஆன்டெனாக் கம்பத்தையும் சாய்க்கப் பார்க்கும். அதனால் கொங்கு நாட்டில் கம்பம் நடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை அடி உயரம் என்பதல்ல, எவ்வளவு காற்றைத் தாங்கும் என்பதே.

இந்தியத் தரக் குறியீடு 875 கோயம்புத்தூருக்குக் கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அழுத்தம் 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம். சதுர மீட்டருக்கு 913 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 93 கிலோ. 145 மெகாஹெர்ட்ஸுக்கான ஏழு எலிமென்ட் (குறுக்குக் கம்பி) கொண்ட யாகி எனும் திசை ஆன்டெனா சுமார் 0.1 சதுர மீட்டர்தான், அதன் மேல் விழுவது 9 கிலோ. 2 அங்குலமும் 1½ அங்குலமுமாகச் சேர்த்த 40 அடிக் கம்பத்தின் முகப்பரப்பு 0.62 சதுர மீட்டர், அதற்கு 58 கிலோ. ஆன்டெனாவைவிடக் கம்பம்தான் காற்றை அதிகம் வாங்குகிறது. பைப் உருண்டை என்பதால் உண்மையில் இது குறையும். ஆனால் அந்தச் சலுகையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இங்கே சொல்லும் கம்பம் ஒரு வி.எச்.எஃப். (145 மெகாஹெர்ட்ஸ்) யாகிக்கும், 7 மெகாஹெர்ட்ஸ் தலைகீழ் ‘வி’ டைபோலுக்கும் (நடுவில் உயர்ந்து இரு கையும் கீழே சரியும் கம்பி ஆன்டெனா) போதும். 14 மெகாஹெர்ட்ஸ் பீம் (பெரிய திசை ஆன்டெனா) ஏற்ற நினைப்பவர்கள் மூன்று கால் லேட்டிஸ் (குறுக்குச் சட்டம் போட்ட) டவருக்குப் போங்கள். அதைக் கட்டுமானப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்கிய பிறகே தொடங்குங்கள்.

இடமும் குழியும்

தோட்டத்தில் மோட்டாருக்குப் போகும் கரண்டு லைனை முதலில் பாருங்கள். கம்பம், ஆன்டெனா இரண்டும் சேர்ந்த உயரத்தின் ஒன்றரை மடங்கு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும். 40 அடிக்கு 60 அடி. இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை: தூக்கும்போது நழுவிய கம்பம் 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனில் பட்டால் கயிறு பிடித்தவர் யாரும் மிஞ்ச மாட்டார். பீளமேடு விமான நிலையத்துக்கோ சூலூர் விமானப்படைத் தளத்துக்கோ அருகில் இருப்பவர்கள் உயர அனுமதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுக் குழி 60க்கு 60, ஆழம் 90 சென்டிமீட்டர். கம்பத்தைச் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் இழுகம்பிக்கு மூன்று குழி, கம்பத்திலிருந்து 9 மீட்டர் தள்ளி. ஃபோன் திசைகாட்டியில் 270, 30, 150 டிகிரி. 270 நேர் மேற்கு. மேற்கே இரண்டு கம்பி இருந்தால் பாரம் பாதியாகும் என்று சொல்வதுண்டு. கணக்கு அப்படி இல்லை. காற்றுக்கு 60 டிகிரி விலகி நிற்கும் இரண்டு கம்பியிலும் ஒவ்வொன்றும் முழு விசையையே கிடைமட்டமாக வாங்கும். நேர் மேற்கே ஒன்று நின்றாலும் அதே விசைதான். அதனால் மேற்கே ஒன்றை மட்டும் வைத்து, அந்த ஒரு குழியைப் பெரிதாக்குங்கள்: 60க்கு 60, ஆழம் 1 மீட்டர். மற்ற இரண்டும் 45க்கு 45, ஆழம் 90 சென்டிமீட்டர்.

நான்கு குழிக்கும் சேர்த்துக் கலவை ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல். 1:1½:3 விகிதத்தில் ஒன்பது மூட்டை சிமெண்ட் பிடிக்கும். ஏழு நாள் தண்ணீர் விட்டு, 28 நாள் கழித்துக் கம்பியை இறுக்குங்கள். செம்மண்ணில் இந்த ஆழம் போதும். கரிசல் காடாக இருந்தால் கோடையில் வெடித்து மழையில் உப்பும், அதோடு நங்கூரமும் (இழுகம்பியை மாட்டக் குழியின் கான்கிரீட்டில் பதித்த கம்பி) நகரும். அங்கே 1.2 மீட்டருக்குக் கீழே போய், கான்கிரீட்டைச் சுற்றி கிராவல் மண் போட்டுக் கெட்டிக்கவும்.

பைப்பும் கம்பியும்

20 அடி ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பைப் இரண்டு. கீழே 2 அங்குலம், மேலே 1½ அங்குலம், இரண்டும் நீலக் கோடு போட்ட மீடியம் கிளாஸ். மஞ்சள் கோடு மெல்லிசு, வேண்டாம். 2 அங்குல பைப்பின் உள்விட்டம் 53 மில்லிமீட்டர், 1½ அங்குலத்தின் வெளிவிட்டம் 48.3. ஆக, உள்ளே நுழைந்து 5 மில்லிமீட்டர் ஆடும். 60 சென்டிமீட்டர் உள்ளே விட்டு, அந்த இடைவெளியில் தகரத்தைச் சுற்றி அடைத்து, இரண்டு 12 மில்லிமீட்டர் போல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். துளை போட்ட இடத்தில் நாகப் பூச்சு கட்டாயம். துரு முதலில் அந்தத் துளையில்தான் வாய் வைக்கும். இந்தக் கணக்கை வைத்து 1¼ அங்குலத்தை 1½க்குள் நுழைக்கலாம் என்று வாங்கிவிடாதீர்கள். மீடியம் கிளாஸில் அரை மில்லிமீட்டர் இடிக்கும்.

அடியில் கீல் வைத்த தட்டு, 20 மில்லிமீட்டர் பின். கிரில் பட்டறையில் செய்து தருவார்கள். தட்டில் தண்ணீர் வடிய ஒரு துளை கேளுங்கள். இல்லாவிட்டால் பைப் உள்ளிருந்தே அழுகும்.

இழுகம்பி இரண்டு மட்டம்: பைப் சேரும் இடத்தில் ஒன்று, ஆன்டெனாவுக்கு அரை மீட்டர் கீழே ஒன்று. மேல் கம்பி ஒவ்வொன்றும் சுமார் 14.2 மீட்டர், கீழ்க் கம்பி 10.8 மீட்டர். மடிப்பையும் சேர்த்து 90 மீட்டர் ஸ்டே கம்பி வாங்குங்கள். ஆறு டர்ன்பக்கிள் (கம்பியைத் திருகி இறுக்கும் கருவி), ஆறு பீங்கான் முட்டை இன்சுலேட்டர் (மின்சாரம் கடக்காமல் தடுப்பது), 72 யு கிளாம்ப். முட்டை இன்சுலேட்டரின் அருமை என்னவென்றால், பீங்கான் உடைந்தாலும் இரண்டு கண்ணியும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி நிற்கும், கம்பம் விழாது.

கிளாம்ப் ஒவ்வொரு மடிப்புக்கும் மூன்று. கிளாம்பின் சேணம் (‘யு’ போல்ட் கோக்கும் கட்டை) பாரம் தாங்கும் நீளக் கம்பியின் மேல் உட்கார வேண்டும், ‘யு’ போல்ட் வெட்டுமுனைப் பக்கம் அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் ‘யு’ நீளக் கம்பியை நசுக்கி இழைகளை அறுக்கும். பெரும்பாலான கம்பங்களில் பார்க்கிற தவறு இதுதான். ஒரு வாரம் கழித்து எல்லா நட்டையும் திரும்ப முறுக்குங்கள். பாரம் ஏறியதும் கம்பி மெலிந்து கிளாம்ப் தளரும்.

தூக்குவது

தை, மாசியில் விடிகாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் காற்று கிளம்பும் முன் முடிக்கலாம். தலை கிழக்கே இருக்கும்படி கம்பத்தைப் படுக்கவையுங்கள். கீலுக்கு நேர் வடக்கிலும் தெற்கிலும் தற்காலிக முளை அடித்து ஒவ்வொரு கயிறு கட்டுங்கள். முளை கீலின் அச்சிலேயே, அதே மட்டத்தில் இருந்தால் கயிறு கடைசி வரை தளராது, இறுகாது. 30, 150 டிகிரிக் கம்பிகளை முழு நீளத்துக்கு முன்பே மாட்டிவிடுங்கள். அவைதான் கம்பம் மேற்கே கவிழாமல் நிறுத்தும். கீலில் 15 அடிக் கழி ஒன்றை நிமிர்த்தி, அதன் உச்சி வழியாகக் கயிறு போட்டு, மேற்குக் குழியில் மாட்டிய செயின் பிளாக்கால் (சங்கிலிக் கப்பி) இழுங்கள். முதல் 20 டிகிரிதான் கடினம். அதன் பிறகு தானாக ஏறிவரும். அப்போது அவசரப்படாதீர்கள்.

இரண்டு திசையிலிருந்து தூக்குக்குண்டு வைத்து நேர் பார்த்து, டர்ன்பக்கிளைத் திருப்புங்கள். கம்பியின் அறுபடும் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்விசை தேவையில்லை. வீணைக் கம்பி மாதிரி இறுக்கினால் கம்பம் இடையில் வளையும். முடித்ததும் டர்ன்பக்கிள் கண்களுக்குள் கம்பி ஒன்றைக் கோத்துவிடுங்கள். காற்றின் அதிர்வில் டர்ன்பக்கிள் தானாகக் கழன்றுகொள்ளும் குணமுடையது. கம்பத்தில் ஆள் ஏறவே கூடாது. வேலை இருந்தால் சாய்த்துச் செய்யவும்.

கேபிள்

145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிள் போட்டால் ஏறக்குறைய 6 டெசிபல் போய்விடும்: ரேடியோ கொடுப்பதில் கால் பங்கே ஆன்டெனாவைச் சேரும். தடித்த ஆர்.ஜி. 213இல் 3 டெசிபலுக்குச் சற்றுக் குறைவு. 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு எது போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. டைபோல் இரண்டு கையும் சேர்த்து 20.1 மீட்டர், கைகளுக்கு இடையே கோணம் 90 டிகிரிக்குக் குறையாமல், நுனி தரையிலிருந்து 3 மீட்டராவது மேலே. நுனியில் அனுப்பும்போது மின்னழுத்தம் ஏறும், ஆடு மாடு உரசக் கூடாது.

கேபிள் முனையில் மாட்டும் பி.எல். 259 கனெக்டர் தண்ணீரைத் தடுக்காது. மேலே சுய ஒட்டு ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றி, வெயிலுக்கு வினைல் டேப் ஒரு சுற்று. வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைத் தொங்கலாக வளைத்துவிட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். தரையில் போகும் கேபிளைக் கருப்பு ஓஸுக்குள் விட்டு 45 சென்டிமீட்டர் புதைத்தால் அணிலும் எலியும் ஏரும் தொடாது.

ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலையை வைத்து அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைத் தண்ணீர் புகுந்த கேபிள் ஏமாற்றும். இழப்பு கூடக் கூட, திரும்பி வரும் அலையும் வழியிலேயே தேய்ந்து, மீட்டர் 1.3 என்று அழகாகக் காட்டும். ஆன்டெனா வேலை செய்யாது. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: கேபிளின் மேல் முனையைக் கழற்றித் திறந்து வைத்து, கீழே நேனோ வி.என்.ஏ.வில் (கையடக்க ஆன்டெனா அளவி) ரிட்டர்ன் லாஸ் (அலை போய்த் திரும்புவதற்குள் எத்தனை டெசிபல் குறைந்தது என்பது) பாருங்கள். அதில் பாதிதான் கேபிளின் இழப்பு. புதிதாகப் போட்ட அன்றே இந்த எண்ணைக் குறித்துவைத்தால் ஆண்டுதோறும் ஒப்பிடலாம்.

இடிக்கு

சித்திரை கோடை மழையில்தான் இடி அதிகம், அப்போது மண் காய்ந்து, மின்சாரத்தை எளிதில் வாங்காமல் கிடக்கும். எர்த்துக்கு 3 மீட்டர் செம்பு பூசிய கம்பி மூன்றை மண்ணில் இறக்குங்கள், ஒன்றுக்கொன்று 6 மீட்டர் தள்ளி. மூன்றடியில் பாறை தட்டினால் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் பத்து மீட்டர் நீளமாக மூன்று திசையில் ஜி.ஐ. பட்டை ஓட்டுங்கள். உப்பும் கரியும் போட்டால் சில வருடத்தில் கம்பியை அரித்துவிடும், பென்டோனைட் களிமண் போடுவதே மேல். கம்பத்தின் எர்த்தை வீட்டு எர்த்தோடு கட்டாயம் இணையுங்கள். இல்லையேல் இடி விழும் நொடியில் இரண்டுக்கும் இடையே எழும் மின்னழுத்தம் ரேடியோ வழியாகத்தான் சமமாகும். செம்புக் கம்பியை நாகம் பூசிய பைப்பில் நேரடியாகக் கட்டாதீர்கள், நாகம் உதிர்ந்துவிடும். இடையில் வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனையில் மாட்டும் கண்ணி), ஸ்டெயின்லெஸ் கிளாம்ப்.

வருடப் பராமரிப்பு

பங்குனியில் எர்த்தை அளக்கவும், 10 ஓமுக்குள் இருக்கட்டும். வைகாசியில் இழுகம்பி, கிளாம்ப், டர்ன்பக்கிள். நங்கூரக் கம்பி மண்ணுக்குள் நுழையும் இடத்தை 15 சென்டிமீட்டர் தோண்டிப் பாருங்கள்: மேலேயும் கீழேயும் பளபளப்பாக இருக்கும், அந்த ஒரு விரற்கடை மட்டும் சோளத்தட்டு மாதிரி செதில் செதிலாக உரியும். உப்புத்தண்ணீர் பாயும் தோட்டத்தில் இது வேகமாக நடக்கும். கால் பங்கு தடிமன் போயிருந்தால் மாற்ற வேண்டும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் கேபிளின் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

மயிலை மறக்க வேண்டாம். ஆண் மயில் ஐந்து கிலோ வரும், யாகியின் எலிமென்ட் அதற்குக் கிளை மாதிரி. 6 மில்லிமீட்டர் கம்பி ஒரே இரவில் வளைந்துவிடும். 12 மில்லிமீட்டர் அலுமினியக் குழாயில் எலிமென்ட் செய்து, அந்தத் தடிமனுக்கு ஏற்ப நீளத்தைக் குறைத்து ட்யூன் செய்தால் தாங்கும்.