‘ம’ சுரத்தின் இரு வகைகளான சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையிலுள்ள நுண்சுரத்தைப் பிடிப்பது எப்படி?

ஆதார சுருதியிலிருந்து (அடிப்படைச் சுரமான ‘ச’) 11:8 அதிர்வெண் விகிதத்தில், ஏறத்தாழ 551 சென்ட் (‘ச’ முதல் மேல் ‘ச’ வரையுள்ள ஒரு ஸ்தாயியில் 1200 சென்ட்) உயரத்தில் நிற்கும் இந்தச் சுரத்தைக் கேட்க, மெட்டுகள் (வீணையில் இருப்பது போன்ற சுரக்கட்டைகள்) இல்லாத, ஒரே சுருதியில் கூட்டிய, 66 செ.மீ. நீளமுள்ள இரண்டு கம்பிகள் போதும்.

ஒரு கம்பியில், முனையிலிருந்து 16.5 செ.மீ. தள்ளி அழுத்தினால் சுத்த மத்தியமமும், சுமார் 19.3 செ.மீ.யில் பிரதி மத்தியமமும் பேசும். நமக்கு வேண்டியது 18 செ.மீ.யில் இருக்கிறது. விரலால் அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுரம் சற்று ஏறிவிடும் என்பதால், நகர்த்தக்கூடிய சிறு குதிரையை (கம்பியைத் தாங்கும் கட்டையை) வைப்பதே நல்லது என்பேன்.

சரிபார்க்க, மற்றக் கம்பியை முனையிலிருந்து 6 செ.மீ.யில் லேசாகத் தொட்டு மீட்டுங்கள். மெல்லியதாக எழும் பதினோராவது அனுசுரம் (கம்பியின் அடிப்படை அதிர்வெண்ணைப் போல் 11 மடங்கு அதிர்வெண் உள்ள ஒலி), இதே சுரத்தை மூன்று ஸ்தாயி மேலே ஒலிக்கும். முதலில் அபசுரமாகத் தோன்றினாலும், ஆதார சுருதியோடு சேர்த்துப் பொறுமையாக மீட்டிக் கேட்கக் கேட்க, அதற்கென்று ஓர் அழகான இருப்பிடம் இருப்பது காதுக்குப் புலப்படும்.