கோர்டோபாவின் முற்றங்களைக் காணச் செல்லும் மலையகத்தாருக்கு

தென் ஸ்பெயினின் கோர்டோபா நகருக்குப் போவதென்றால் மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் போங்கள். அப்போதுதான் பழைய நகரில் ஏறத்தாழ ஐம்பது வீடுகள் தமது உள்முற்றங்களைத் திறந்து வைத்து, கட்டணம் எதுவுமின்றி ஊர் பேர் தெரியாதவர்களை உள்ளே விடுகின்றன. 1921இல் ஒரு போட்டியாகத் தொடங்கிய இந்த முற்ற விழாவை யுனெஸ்கோ 2012இல் தனது அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது அங்கு வழக்கம், நுவரெலியாக் குளிரில் வளர்ந்த உடம்பு அதைத் தாங்காது.

இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்கள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி நாள்வரை இழுத்தடிக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும். மே மாதத்தில் தங்குமிடங்கள் விரைவில் நிரம்பிவிடும். மட்ரிட்டிலிருந்து அதிவேகப் புகையிரதம் இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டு சேர்த்துவிடும். நமது புகையிரதம் கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு ஏறி முடிப்பதற்குள் மட்ரிட்டுக்கே போய்த் திரும்பிவிடலாம்.

செவில் நகரிலிருந்து காலையில் வந்து, பெரிய பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு மாலையே திரும்புவோர் பலர். அது போதாது, மூன்று இரவுகளாவது தங்குங்கள். 785ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய அந்தப் பள்ளிவாசலில், செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி அடுக்கிய இரட்டை வளைவுகளை 850க்கும் மேற்பட்ட தூண்கள் தாங்குகின்றன. 1236இல் நகரம் கிறிஸ்தவர் வசமானபின் அது தேவாலயமாக்கப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் அதன் நடுவிலேயே பேராலயம் ஒன்றும் எழுப்பப்பட்டது. முஸ்லிம் நண்பர்கள் உள்ளே தொழுவதற்கு அனுமதியில்லை என்பதை முன்கூட்டியே அறிந்து செல்வது நல்லது. திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை, கூட்டம் சேருமுன், தனியாகச் செல்வோர் இலவசமாகவே பார்க்கலாம்.

மீதி நேரமெல்லாம் முற்றங்களுக்கே. இன்று வெள்ளையடித்த சுவரும் நீலச் சட்டிகளுமாகப் படம் பிடிக்கப்படும் இவற்றில் பல, ஒரு காலத்தில் ஏழைக் குடும்பங்கள் ஆளுக்கோர் அறையில் ஒண்டிக்கொண்டு, கிணற்றையும் துணி துவைக்கும் தொட்டியையும் சமையலறையையும் பொதுவில் வைத்து வாழ்ந்த வீடுகள். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து பீலிக்கரையில் குடத்தோடு காத்து நின்றவர்களுக்கும், வாசலில் பழைய பால்மா டின்னில் டேலியா வளர்த்த அம்மாமாருக்கும் இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

முற்றங்கள் வழமையாக முற்பகல் 11 மணி முதல் 2 மணி வரையும், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையும் திறந்திருக்கும். சான் பசிலியோ பகுதியில்தான் வரிசை மிக நீளம். வார நாளில், கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். அது ஒருவர் குடியிருக்கும் வீடு என்பதை மறவாமல், வணக்கம் சொல்லி நுழைந்து, சட்டிகளைத் தொடாமல், பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிட்டு நகருங்கள். வீட்டுக்காரர் செடிகளுக்கு நீரூற்றுவதைப் பார்க்கக் கிடைத்தால் மட்டும் சற்று நின்றுவிடுங்கள். நீண்ட நாணற்கழியின் நுனியில் கட்டிய தகர டின்னில் தண்ணீரை மொண்டு, தலைக்கு மேலே உயரத்தில் தொங்கும் சட்டியின் விளிம்பில் டின்னைச் சாய்த்து, கழியை இலேசாகத் திருப்புவார்கள். கொழுந்துக்கூடை சுமந்த கைகளில் மட்டுமே அத்தகைய பழக்கத்தை நான் கண்டிருக்கிறேன்.

மே மாதத் தொடக்கத்தில் சதுக்கங்களில் பூக்களால் சிலுவைகள் அலங்கரிக்கப்படுகின்றன. மாத இறுதியில் பெருஞ்சந்தை விழா வருகிறது. செவிலில் நடக்கும் இதே போன்ற விழாவில் பெரும்பாலான கூடாரங்கள் அழைப்புள்ளவர்களுக்கே. இங்கோ பெரும்பாலானவற்றுக்குள் எவரும் நுழையலாம். மே தவறிவிட்டால், வியானா மாளிகையின் 12 முற்றங்களைச் சீட்டு வாங்கிப் பார்க்கலாம்.

தக்காளியும் பாணும் ஒலிவ் எண்ணெயும் சேர்த்து அரைத்த சல்மொரேஹோ என்னும் குளிர்ந்த கூழ் இவ்வூரின் அடையாளம். அதன்மேல் பன்றி இறைச்சி தூவுவார்கள். வேண்டாதவர்கள் முதலிலேயே “சின் ஹமோன்” (பன்றி இறைச்சி இல்லாமல்) என்று சொல்லிவிட வேண்டும்.

முற்றத்துச் சட்டிகளில் பூக்கும் ஜெரேனியத்தின் தண்டு ஒன்றை ஒடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும் ஆசை வரும். வேண்டாம், அனுமதிப்பத்திரமின்றிச் செடி கொண்டுவந்தால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள். ஜெரேனியம் நுவரெலியாவிலேயே கிடைக்கிறது.