த்ராட்டில் பாடி மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

ஆக்சிலேட்டரை எவ்ளோ மிதிச்சாலும் ஆர்பிஎம் ஏற மாட்டேங்குது, செக் இன்ஜின் லைட் எரியுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச நேரம் நல்லா ஓடிட்டு மறுபடி அதே கதை. வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது பாதுகாப்புக்காக பவரைக் குறைச்சு ஓடுற நிலைக்குப் போகுதுன்னு அர்த்தம். உடனே த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போற காத்தை அளந்து விடுற பாகம்) போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க, நெறைய கேஸ்ல வயரோ கனெக்டரோதான் வில்லன்.

இந்த எலக்ட்ரானிக் த்ராட்டில் சிஸ்டத்துல பெடலுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவுல கேபிள் கிடையாது. பெடல்ல ரெண்டு சென்சார், த்ராட்டில் பாடிக்குள்ள ரெண்டு சென்சார், காத்து வழியைத் திறந்து மூடுற ப்ளேட்டைத் திருப்ப ஒரு மோட்டார், அவ்ளோதான். ஜோடி சென்சார் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலன்னா ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) நம்பாது, மோட்டாருக்குப் போற கரண்டை நிறுத்திடும், அப்போ ஸ்பிரிங் ப்ளேட்டை லேசா திறந்த மாதிரி நிறுத்தி வைக்கும், அதனாலதான் வண்டி ஊர்ந்தாச்சும் போகுது.

முதல்ல பேட்டரி. வோல்டேஜ் கம்மியா இருந்தாலே சம்பந்தமில்லாத ஃபால்ட் கோடெல்லாம் (கோளாறைச் சொல்ற நம்பர்) வரும். அப்புறம் ஸ்கேனர் போட்டு கோடை எழுதி வெச்சுக்கோங்க, அழிச்சிடாதீங்க, ஃப்ரீஸ் ஃப்ரேமும் (கோளாறு வந்த நேரத்துல பதிவான ரீடிங்) சேர்ந்து போயிடும். பி2135 வந்தா த்ராட்டில் சென்சார் ரெண்டும் ஒத்துப் போகல, பி2138 வந்தா பெடல் பக்கம், பி2111 திறந்தபடி மாட்டுது, பி2112 மூடினபடி மாட்டுது. பி2138 வந்த வண்டிக்கு த்ராட்டில் பாடி மாத்துறதெல்லாம் வீண் செலவு.

இப்போ முக்கியமான வேலை. சாவி ஆன், இன்ஜின் ஆஃப், ஸ்கேனர்ல லைவ் டேட்டாவை (சென்சார்கள் அப்பப்போ காட்டுற ரீடிங்) கிராஃப்ல வெச்சு பெடலை மெதுவா, ரொம்ப மெதுவா கடைசி வரைக்கும் மிதிச்சு அதே மாதிரி விடுங்க. பல வண்டில பெடலோட ரெண்டு வோல்டேஜும் சேர்ந்தே ஏறும், ஒண்ணு இன்னொண்ணுல பாதி இருக்கும். த்ராட்டில் பக்கம் பல மாடல்ல ஒண்ணு ஏற ஏற இன்னொண்ணு இறங்கும், கூட்டிப் பாத்தா 5 வோல்ட் கிட்ட வரும். உங்க வண்டிக்கு எப்படின்னு சர்வீஸ் மேனுவல்ல பாத்துக்கோங்க. கிராஃப்ல வர்ற கோடு வழுக்கிட்டுப் போகணும், நடுவுல ஒரு இடத்துல மட்டும் டக்குனு விழுந்து எழுந்தா சென்சாருக்குள்ள இருக்கிற அந்த ட்ராக் தேஞ்சிருக்கலாம், இல்ல கனெக்ஷன் லூஸ்.

கிராஃப் ஓடிட்டு இருக்கும்போதே வயரிங்கை ஆட்டிப் பாருங்க. ஆட்டும்போது ரீடிங் குதிச்சா ஆள் மாட்டிக்கிச்சு. கனெக்டரைக் கழட்டி பச்சையா பூத்திருக்கா, பின் விரிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. மல்டிமீட்டர்ல ரெஃபரன்ஸ் 5 வோல்ட் (சென்சாருக்கு ஈசியூ கொடுக்கிற சப்ளை) வருதான்னும் பாக்கணும். வரலன்னா சென்சாரைத் திட்டாதீங்க, அதே 5 வோல்ட்டைப் பங்கு போடுற வேற ஏதாவது சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம், ஒவ்வொண்ணா கழட்டும்போது எதுல வோல்டேஜ் திரும்ப வருதோ அதுதான் குற்றவாளி.

ப்ளேட் ஓரத்துல கார்பன் படிஞ்சிருந்தா க்ளீன் பண்ணலாம், ஆனா சாவி ஆஃப் பண்ணிட்டு, ஏன்னா ஆன்ல இருக்கும்போது மோட்டார் திடீர்னு திரும்பினா விரல் நசுங்கிடும். த்ராட்டில் க்ளீனரைத் துணில அடிச்சுத் துடைங்க. க்ளீன் பண்ணாலும் பாடியை மாத்தினாலும் ஐடில் ரீலேர்ன், அதாவது ஐடில்ல ப்ளேட் எவ்ளோ திறக்கணும்னு ஈசியூவுக்கு மறுபடி கத்துக் கொடுக்கிறது, பண்ண வேண்டி வரும், சில வண்டில ஸ்கேனர் இல்லாம அது முடியாது.

சூடானா மட்டும் கோளாறு வருதுன்னா குளிர்ந்த இன்ஜின்ல செஞ்ச டெஸ்ட்டை நம்பி பார்ட் வாங்காதீங்க, நல்லா ஓட்டி சூடாக்கிட்டு அதே கிராஃபை இன்னொரு தடவ எடுங்க.