வாப்பாவின் மாத்திரை உங்கள் பையில் இருக்க வேண்டாம்

ஹஜ் பயணிகளுக்கான மருத்துவ வகுப்பு முடிந்ததும் ஓர் இளம்பெண் வந்தார். "வாப்பாவின் பிரஷர் மாத்திரையெல்லாம் என் பையில்தான் சிஸ்டர், வேளை தவறாமல் நானே கொடுத்துவிடுவேன்" என்றார். என் முதல் ஹஜ்ஜில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

மாத்திரையை மறப்பது, ஊறுகாயை அள்ளிப் போட்டுக்கொள்வது பற்றியெல்லாம் சொல்ல ஆளுண்டு. இதைச் சொல்லத்தான் ஆளில்லை.

ஒரே பை

ஹஜ் மாதமான துல்ஹஜ் 8 அன்று மக்காவுக்கு அருகே பயணிகள் கூடாரங்களில் தங்கும் மினா சேர்ந்தோம். அங்கே ஆண்களுக்கு ஒரு கூடாரம், பெண்களுக்கு ஒரு கூடாரம். மறுநாள் அரஃபா மைதானத்திலும் அப்படியே. அன்றிரவு தங்கும் முஸ்தலிஃபாவில் கூட்டம் எங்களைப் பிரித்தது. 10ஆம் நாள் பகலில் மினா கூடார வாசலில் என் வாப்பாவைப் பார்த்தபோது, கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. ரத்த அழுத்தம் அளந்தால் 204/112. மூன்று நாளாக மாத்திரை இல்லை. "துஆவில் (பிரார்த்தனையில்) இருப்பாய், கூப்பிட மனம் வரவில்லை" என்றார். நான் செவிலியர். மாத்திரை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது!

அவர் சாப்பிட்டுவந்தது அட்டெனோலால். அந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நாடி எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். குளோனிடின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை இன்னும் மோசம். விட்ட வேகத்தில் அழுத்தம் முன்பைவிட மேலே ஏறும். தலைவலி இல்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள், பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

ஆகவே மினாவுக்கான ஆறு நாள் மாத்திரையும் அவரவர் இடுப்பில், இஹ்ராம் (ஹஜ் உடை) பெல்ட்டின் பைக்குள் இருக்கட்டும். உங்களிடம் இருப்பது உபரியாக மட்டும் இருக்கட்டும். எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று அவர் தம் வாயால் சொல்லும்வரை வீட்டிலேயே பழக்குங்கள்.

நீர் மாத்திரை

சிறுநீரை அதிகம் போக்கும் பிரஷர் மாத்திரை இது. கழிப்பறை வரிசைக்குப் பயந்து இதை நிறுத்துகிறார்கள். அந்த வெயிலில் அளவைக் குறைக்க வேண்டியும் இருக்கலாம், அதை மருத்துவர் சொல்லட்டும். புறப்படுமுன் கேளுங்கள், கூடாரத்தில் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள்.

கால்வலிக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் தரும் மாத்திரை

வாங்காதீர்கள். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் இரண்டுமே அழுத்தத்தை ஏற்றும்.

மூக்கடைப்பு மாத்திரை

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

மருந்துச் சீட்டு

கம்பெனிப் பெயர் அங்கே வேறாக இருக்கும். மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதி, அதே பெல்ட்டில் வையுங்கள். வாப்பாவுடையதை வாப்பாவின் பெல்ட்டில்.