மூளை ஆபரேஷனுக்கு முன் மேப்பிங்: போவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியவை

மூளையில் கட்டி என்றோ, மருந்துக்கு அடங்காத வலிப்பு என்றோ ஆபரேஷன் முடிவானதும் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கை கால் விளங்காமல் போய்விடுமா, பேச்சு வருமா? மண்டையைத் திறக்காமலே இதற்கு முடிந்தவரை பதில் தேடத்தான் மேப்பிங், அதாவது மூளையின் எந்த இடம் எந்த வேலையைப் பார்க்கிறது என்று குறித்து வைப்பதை, செய்கிறார்கள். தையல்காரரான என் சித்தப்பாவுக்காக இதற்கு அலைந்தபோது எனக்கு நன்றாகப் புரிந்த விஷயம், சோதித்துப் பார்த்தது மட்டும்தான் மேப்பில் வரும் என்பது. கட்டைவிரலைச் சோதித்தால் கட்டைவிரலுக்கான இடம் தெரியும், காலைச் சோதிக்காவிட்டால் கால் அந்த மேப்பில் இருக்கவே இருக்காது.

அதனால் முதல் வேலையை வீட்டிலேயே செய்யுங்கள். நோயாளி எந்தக் கையால் எழுதுகிறார், எந்தக் கையால் சாப்பிடுகிறார், என்ன தொழில், வீட்டில் என்ன மொழி, கணக்குப் போடும்போது மனதுக்குள் என்ன மொழி என்று ஒரு தாளில் எழுதி, டெஸ்ட் எடுப்பவர் கையில் கொடுங்கள். சித்தப்பாவுக்கு முதலில் கையில் மட்டும்தான் தசையின் சிக்னலைப் பதிக்கும் பட்டை ஒட்டினார்கள். மிதி மெஷின் தைப்பவர், வலது கால்தான் பிழைப்பு என்று சொன்ன பிறகு முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசையிலும் ஒட்டினார்கள். காலுக்கான இடம் இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவிலுள்ள பிளவுக்குள் இறங்கி இருப்பதால் அதற்குக் கூடுதல் வலு தேவைப்படுகிறது, நேரமும் ஆகிறது. ஆகட்டும், கேளுங்கள்.

இரண்டு மொழி பேசுபவர் என்றால் இரண்டிலும் சோதிக்க முடியுமா என்று கேட்பதும் முக்கியம். ஓஜமன், விட்டேக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் சில இடங்களைத் தூண்டினால் ஒரு மொழி மட்டும் தடுமாறி இன்னொன்று நன்றாகவே வந்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு, ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மாவிடம் தமிழில் பேச வரவில்லை என்று தெரிந்தால் யாரால் தாங்க முடியும்?

சரி, டெஸ்டில் என்ன நடக்கும்? டிஎம்எஸ் என்பது தலையின் மேல் ஒரு கம்பிச் சுருளைப் பிடித்து, காந்தத் துடிப்பால் மூளையின் மேல்பரப்பைத் தூண்டுவது. 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு தொடங்கி வைத்த முறை. இப்போது நோயாளியின் எம்ஆர்ஐ படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, சுருள் மூளை மடிப்புகளில் எந்த மேட்டின் மேல் இருக்கிறது என்று பார்த்தபடியே செய்கிறார்கள். டக் என்று சத்தம், அடுத்த நொடி கட்டைவிரல் தானாகத் துள்ளும். பத்துத் தடவையில் ஐந்து தடவையாவது தசையில் 50 மைக்ரோவோல்ட் அளவுக்குச் சிக்னல் வரும் மிகக் குறைந்த வலுவை முதலில் கண்டுபிடித்து, அதைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு இடம் இடமாகத் தேடுகிறார்கள். கை தளர்வாக மடியில் கிடக்க வேண்டும். காதுக்கு அடைப்பான் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பேச்சுக்கான டெஸ்டில் படம் காட்டிப் பெயர் கேட்பார்கள். முதலில் தூண்டாமல் ஒரு சுற்று. தடுமாறும் படங்களை எடுத்துவிடுவதற்காகத்தான் அந்தச் சுற்று, அதனால் பழக்கமில்லாத பொருள் வந்தால் யூகிக்காமல் தெரியாது என்றே சொல்ல வேண்டும். தூண்டும்போது சித்தப்பா நாற்பது வருஷம் கையில் பிடித்த கத்தரிக்கோலைப் பார்த்து "துணி... துணி..." என்று நின்றுவிட்டார். துடிப்பு நின்றதும் பெயர் வந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர்கள் பதறி எடுத்துக் கொடுக்காதீர்கள், அந்தத் தடுமாற்றத்தைத்தான் டெஸ்ட் எடுப்பவர்கள் தேடுகிறார்கள். சுருள் கன்னப்பொட்டுப் பக்கம் வரும்போது தாடைத் தசை இழுத்து வலிக்கும். தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள்.

வலிப்பு எங்கே கிளம்புகிறது என்று பார்க்க, தலையில் மின்முனை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிக்கும் ஈஈஜி, சில இடங்களில் மூளையின் காந்தப்புலத்தைப் பதிக்கும் எம்ஈஜி. எம்ஈஜி அளக்கும் மூளைக் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல கோடி மடங்கு சிறியது, அதனால் ஒரு சின்ன ஊக்குகூடப் பதிவைக் கெடுத்துவிடும். மெட்டி இறுகியிருந்தால் முதல் நாளே சோப்பு போட்டுக் கழற்றுங்கள். தாலியைக் கழற்றத் தயக்கம் இருந்தால் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கோத்துக் கட்டிக்கொண்டு போங்கள். அரைஞாணை மறந்துவிடாதீர்கள். ஈஈஜிக்கு முதல் நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும், எண்ணெய்த் தலையில் மின்முனை சரியாக ஒட்டாது. தூக்கத்தைக் குறைத்து வரச் சொன்னால் சொன்ன அளவுக்கு மட்டும் குறையுங்கள். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, தலைக்குள் ஆபரேஷனில் போட்ட கிளிப், கடைசியாக வலிப்பு வந்த நாள், இவற்றை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

ரிசல்ட் வந்ததும் சர்ஜனிடம் உட்கார்ந்து பேசுங்கள். டிஎம்எஸ் காட்டுவது மேல்பரப்பைத்தான், அடியில் ஓடும் நரம்புப் பாதைகளை எம்ஆர்ஐயிலேயே தனியாக வரைய வேண்டும், அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். எஃப்எம்ஆர்ஐ என்ற ஸ்கேன், மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்பதை ரத்த ஓட்டத்தை வைத்துச் சொல்வது, கட்டிக்குப் பக்கத்தில் அந்த ஓட்டமே மாறியிருக்கலாம், அதனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். கைக்கான இடத்தை டிஎம்எஸ் சில மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் காட்டிவிடும், ஆனால் பேச்சில் அது தேவைக்கு அதிகமான இடங்களைக் குறித்துவிடும் வழக்கம் உண்டு. அதனால் மேப்பில் பேச்சுக்கான இடம் என்று சிவப்பாகக் குறித்திருப்பதைப் பார்த்த உடனே ஆபரேஷனே வேண்டாம் என்று ஓடிவிடாதீர்கள். மண்டையைத் திறந்ததும் மூளை கொஞ்சம் நகரும் என்பதால் சர்ஜன் நேரடியாகத் தூண்டி மறுபடி சரிபார்ப்பார், பேச்சுக்காக என்றால் நோயாளியை விழிக்க வைத்தே. அப்படிச் செய்யப்போகிறார்களா, எந்த மொழியில் பேச வைப்பார்கள், அந்த மொழி தெரிந்தவர் தியேட்டருக்குள் இருப்பாரா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.