நச்சியல் அறிக்கையில் ஓபியாய்டு அளவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இரத்தத்தில் மார்ஃபின் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம்." அறிக்கையில் இப்படி ஒரு வரியைப் பார்த்ததும் வழக்கறிஞரானாலும் விசாரணை அதிகாரியானாலும் உடனே கேட்பது, "இது ஆளைக் கொல்லும் அளவா?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த இடத்து இரத்தம்?

இதயம் நின்றதும் மருந்தும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகளுக்கும் இதுவே வேர். உயிரோடு இருக்கும்போது நுரையீரல், கல்லீரல், இதயத் தசை ஆகியவை ஓபியாய்டுகளை (மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில் போன்ற அபின் வகை மருந்துகளை) இரத்தத்திலிருந்து இழுத்துத் தங்களுக்குள் வைத்துக்கொள்கின்றன. இறந்த சில மணி நேரத்தில் செல்கள் சிதையத் தொடங்கும், திசுக்களின் அமிலத்தன்மை கூடும், பிடித்து வைத்திருந்த மருந்து கசிந்து வெளியே வரும். அது முதலில் போய்ச் சேருவது பக்கத்திலிருக்கும் இதய அறைகளுக்கும் பெரிய இரத்தக் குழாய்களுக்கும். அதனால் ஒரே உடலில் இதய இரத்தத்தில் உள்ள அளவு தொடை இரத்தத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருப்பது அதிசயமே இல்லை. கொழுப்பில் நன்றாகக் கரையும் ஃபென்டனில், மெத்தடோன் போன்றவற்றில் இந்த நகர்வு அதிகம், மார்ஃபினில் குறைவு.

தொடைச் சிரையிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்வது இதனால்தான். அந்த உறுப்புகளிலிருந்து அது தள்ளி இருக்கிறது. ஆனால் ஊசியைக் குத்தி இழுத்துவிட்டாலே அது தொடை இரத்தம் ஆகிவிடாது. சிரையின் மேல்பக்கத்தைக் கட்டாமல் இழுத்தால், வயிற்றுப் பக்கத்துப் பெரிய சிரையில் நிற்கும் இரத்தமும் கீழிறங்கி ஊசிக்குள் வந்துவிடும். முதலில் கட்டு, அப்புறம் ஊசி. எடுத்ததை சோடியம் ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் ஊற்றி, எந்தப் பக்கத்துத் தொடை, எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதிக் குளிரில் வைக்க வேண்டும். சீட்டில் வெறுமனே "இரத்தம்" என்று மட்டும் எழுதியிருந்தால், அதில் வரும் எண்ணை வைத்து வாதாடுவது வீண். தொடை இரத்தம்கூட நாள் போகப் போக மாறத்தான் செய்யும், அதுவும் ஃபென்டனில் இருந்தால் கொஞ்சம் கூடவே. இறந்தவர் மருத்துவமனையில் இருந்திருந்தால், அங்கே உயிரோடு இருக்கும்போது எடுத்த இரத்தம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. பிணவறை மாதிரி எதையும்விட அதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது, "கொல்லும் அளவு" அட்டவணையை வேதவாக்காக எடுத்துக்கொள்வது. எனக்கு ஆகவே ஆகாத பழக்கம் இது. மெத்தடோனைப் பாருங்கள். அதை ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீளும் சிகிச்சையாக நாள்தோறும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்வரும் ஒருவரின் இரத்த அளவு, முதல் தடவை எடுத்து இறந்துபோன இன்னொருவரின் அளவைவிடக் கூடுதலாக இருக்கலாம். பழகிய உடல் தாங்கும், பழகாத உடல் தாங்காது. பழகிய உடலும் சில வாரம் இடைவெளி விட்டால் தாங்கும் சக்தியை இழந்துவிடும். சிறையிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்களில் இறப்புகள் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழக்கம் இருந்ததா, எப்போது நின்றது, கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ இருந்ததா என்பது தெரியாமல் அட்டவணையைப் புரட்டுவதில் அர்த்தம் இல்லை.

குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டு "மருந்து காரணமில்லை" என்று ஒதுக்குவதும் இதே தவறின் மறுபக்கம். ஓபியாய்டு மூச்சைத்தான் அடக்குகிறது. ஒருவர் பல மணி நேரம் மயங்கிக் கிடந்து, ஆக்சிஜன் போதாமல் மூளை சேதமாகிக் கொண்டிருக்கும்போது கல்லீரல் பாட்டுக்கு மருந்தை உடைத்துக்கொண்டிருக்கும். இறக்கும் நேரத்தில் இரத்தத்தில் மிச்சம் கொஞ்சமாகவே இருக்கும். இங்கே உதவுவது, மார்ஃபின் எவ்வளவு தனியாக இருக்கிறது, எவ்வளவு குளுக்குரோனைடாக (வெளியேற்றுவதற்காக உடல் மாற்றிய வடிவமாக) மாறியிருக்கிறது என்ற கணக்கு. தனி மார்ஃபின் பெரும்பங்காக இருந்தால் சாவு விரைவாக நேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பகுதி மாறியிருந்தால் உடலுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. ஆனால் சிறுநீரகம் கெட்டவரிடம் குளுக்குரோனைடு வெளியேறாமல் தேங்கும். அதில் மார்ஃபின்-6-குளுக்குரோனைடு தானே வலுவான ஓபியாய்டு. ஆக, அறிக்கையில் போட்டிருப்பது தனி அளவா, மொத்த அளவா என்று பார்க்காமல் மேலே படிக்கக் கூடாது.

இரத்த அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு "இத்தனை மாத்திரை விழுங்கியிருக்கிறார்" என்று சொல்வதும் கூடாது. அந்தக் கணக்குக்கான சூத்திரம், மருந்து உடல் முழுக்கச் சமமாகப் பரவி முடிந்த உயிருள்ள ஆளுக்கு எழுதப்பட்டது. மார்ஃபின் உடலின் ஒரு கிலோவுக்கு 3, 4 லிட்டர் கொள்ளளவில் பரவுவதுபோல நடந்துகொள்ளும், அதாவது பெரும்பகுதி திசுக்களில்தான் இருக்கும். இரத்தத்தில் இருப்பது சிறு பங்கு. இறந்தபின் அந்தச் சிறு பங்கும் ஏறி இறங்கிவிட்ட நிலையில், அதை வைத்துப் போடும் பெருக்கலில் வரும் விடை வெறும் ஊகம்தான்.

சிறுநீருக்கு வருவோம். சிறுநீரில் மருந்து இருந்தால் அது எப்போதோ உடலுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். வண்டி ஓட்டும்போது அவர் மயக்கத்தில் இருந்தாரா என்பதற்கு அதில் பதில் இல்லை. நீண்ட நாள் பழக்கம் உள்ளவரிடம், நிறுத்திப் பல நாள் ஆன பிறகும் ஃபென்டனிலும் அதன் சிதைவுப் பொருளான நார்ஃபென்டனிலும் சிறுநீரில் வந்துகொண்டே இருக்கும். மாறாக, ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தவரின் சிறுநீரில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். மருந்து சிறுநீர்ப்பை வரை வந்து சேரவே அவகாசம் இருந்திருக்காது.

"மார்ஃபின் இருக்கிறது, ஆகவே ஹெராயின்" என்று முடிவு கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. ஹெராயின் இரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். அது 6-மோனோஅசிட்டைல்மார்ஃபினாக மாறி, பிறகு மார்ஃபின் ஆகிவிடும். ஹெராயின்தான் என்று கைகாட்டுவது நடுவில் வரும் அந்தப் பொருள். வெறும் மார்ஃபின், வலிமருந்திலிருந்தும் வரலாம், கோடீனிலிருந்தும் வரலாம், கசகசாவிலிருந்தும் வரலாம். கசகசா தின்றவர்கள் மாட்டிக்கொண்டதால்தான் அமெரிக்க அரசு வேலையிடப் பரிசோதனைக்கான சிறுநீர் வரம்பை 1998-இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-ஆக உயர்த்தியது. அதே சமயம், இரத்தத்தில் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் இல்லை என்பதால் ஹெராயின் இல்லை என்றும் ஆகிவிடாது. இரத்தத்தில் உள்ள எஸ்டரேஸ் நொதிகள் அதை உடைத்துத் தள்ளிவிடும், குழாய்க்குள் வைத்த பிறகும்கூட. ஃப்ளூரைடு சேர்ப்பதன் ஒரு பயன் அந்த வேகத்தைக் குறைப்பது. கண்விழிக்குள் இருக்கும் கூழ்நீரான விட்ரியஸில் அந்த நொதிகள் குறைவு, இரத்த ஓட்டமும் கிடையாது. இரத்தத்தில் மறைந்தது அங்கே கிடைப்பதுண்டு. ஊசி முனையில் சில மில்லிலிட்டர்தான் வரும் என்றாலும் அதை எடுக்காமல் விடுவது பெரிய நஷ்டம்.

ஒரு மருந்தை இரண்டாக எண்ணுவதும் நடக்கும். ஹைட்ரோகோடோன் உடலில் ஹைட்ரோமார்ஃபோனாகவும், ஆக்சிகோடோன் ஆக்சிமார்ஃபோனாகவும் கொஞ்சம் மாறும். பட்டியலில் இரண்டு பெயரைப் பார்த்ததும் இரண்டு மருந்து எடுத்தார் என்று எழுதிவிடக் கூடாது.

இரைப்பையில் மார்ஃபின் கிடைத்தால் வாய்வழியாகத்தான் போனது என்று சொல்வது, கேட்க நியாயமாகப்படும் தவறு. ஓபியாய்டுகள் காரத்தன்மை உள்ளவை. இரத்தத்தில் மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகள் சவ்வைத் தாண்டி இரைப்பைக்குள் நுழைந்துவிடும். அங்கே உள்ள அமிலத்தில் மின்னேற்றம் பெற்றதும் திரும்பிப் போக முடியாமல் சிக்கிக்கொள்ளும். பித்தநீர் பின்னோக்கி வந்தாலும் இதே கதைதான். ஆகவே சிரையில் ஊசி போட்டவரின் இரைப்பையிலும் மார்ஃபின் இருக்கும். அடர்த்தியை மட்டும் பார்க்காமல் இரைப்பையில் இருந்த மொத்தக் கொள்ளளவையும் பெருக்கிப் பார்த்தால், மில்லிகிராம் கணக்கில் மாத்திரை மிச்சமா, வெறும் கசிவா என்பது ஓரளவு தெளியும். உமிழ்நீரும் இரத்தத்தைவிடச் சற்று அமிலத்தன்மை கொண்டது என்பதால் அங்கேயும் இந்தச் சிக்கல் உண்டு. நாக்கின் கீழ் வைத்த ப்யூப்ரினார்ஃபின் என்ற ஓபியாய்டு மாத்திரை வாயிலேயே ஒட்டியிருந்தால் எண் கன்னாபின்னாவென்று ஏறும்.

முதற்கட்டச் சோதனைக் கிட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓபியேட் இம்யூனோஅஸே என்ற அந்த எதிர்ப்புரதச் சோதனை, மார்ஃபினின் வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் கருவி. ஃபென்டனில், மெத்தடோன் இரண்டின் வடிவமும் வேறு, ஆகவே அதில் விழாது. ஆக்சிகோடோனையும் பல கிட்டுகள் சரியாகப் பிடிப்பதில்லை. லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்கோ சில சமயம் பொய்யாக விழும். எதிர்மறை என்றால் எதற்கு எதிர்மறை என்று கேட்க வேண்டும். நேர்மறை வந்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறை அதன் எடையை வைத்து அடையாளம் காணும் கருவியில்) உறுதிசெய்யாமல் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அப்படி உறுதிசெய்த தாளிலும் அலகைப் பாருங்கள்: மார்ஃபினை லிட்டருக்கு மில்லிகிராமில் எழுதிவிட்டு ஃபென்டனிலை மில்லிலிட்டருக்கு நானோகிராமில் எழுதும் ஆய்வுக்கூடங்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு.